கரிகாலனின் கைபேசி எண்

கரிகால் சோழனின் கைபேசி எண் உங்களிடம் இருக்கிறதா?

கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் "இல்லை" வந்துவிட்டிருக்கும், கூடவே ஒரு சிரிப்பும். அந்த "இல்லை" எப்படி வந்தது? உங்கள் தலைக்குள் எத்தனையோ எண்கள் கிடக்கின்றன. மனைவியின் எண், அலுவலக எண், என்றோ எடுத்துவிட்ட வீட்டு லேண்ட்லைன் எண், வாடகைக்கு இருந்த வீட்டின் கதவு எண். ஒன்றொன்றாக எடுத்துப் பார்த்து, "இது கரிகாலனுடையது அல்ல" என்று ஒதுக்கிவிட்டா பதில் சொன்னீர்கள்? தேடவே இல்லை. தேடினாலும் கிடைக்காது என்பது தேடும் முன்பே தெரிந்துவிட்டது. நமக்கு ஒன்று தெரியாது என்பதை இவ்வளவு வேகமாகத் தெரிந்துகொள்வது மூளை செய்யும் பெரிய வித்தைகளில் ஒன்று. அதற்கு யாரும் நம்மைப் பாராட்டுவதில்லை, பள்ளிக்கூடத்தில் அதற்கு மதிப்பெண்ணும் இல்லை.

1965-ல் ஜோசப் ஹார்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். மாணவர்களிடம் பொது அறிவுக் கேள்விகள் கேட்டார். விடை சொல்ல முடியாத கேள்விகளுக்கு மட்டும் இன்னொன்றும் கேட்டார்: நாலு விடைகளை முன்னால் வைத்தால் சரியானதை உங்களால் அடையாளம் காண முடியுமா? சிலவற்றுக்கு "முடியும்" என்றார்கள், சிலவற்றுக்குக் கையை விரித்தார்கள். பிறகு நிஜமாகவே நாலு விடைகளை வைத்தபோது, "முடியும்" என்று சொன்னவற்றில்தான் அதிகம் சரியாகத் தொட்டார்கள். ஆக, விடை ஓரிடத்தில் இருக்கிறது. "அந்த விடை என்னிடம் இருக்கிறது" என்கிற உணர்வு வேறோர் இடத்திலிருந்து வருகிறது. இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. ஒத்துப்போகாத நேரங்களில்தான் வேடிக்கை.

அந்த வேடிக்கையைப் பார்க்கக் கோரிமேட்டை விடத் தோதான இடம் எனக்குத் தெரியவில்லை. புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் போகும் சாலையில் ஜிப்மர் மருத்துவமனையைத் தாண்டினால் கோரிமேடு. அதோடு யூனியன் பிரதேசம் முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. இந்தப் பக்கம் விலை குறைந்த சரக்கு. அந்தப் பக்கம் அதற்காகக் காத்திருக்கும் போலீஸ் செக்போஸ்ட். பைக்கின் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். காரின் டிக்கியில் டார்ச் அடிப்பார்கள். "பையில என்ன?" என்பதற்குச் சரியான பதில் இருந்தால்தான் வண்டி நகரும். விழித்திருக்கும் மூளையிலும் இப்படி ஒரு செக்போஸ்ட் இருக்கிறது. நெற்றிக்குப் பின்னால், பக்கவாட்டில் சற்று மேலே உள்ள முன்மூளைப் பகுதிக்கு அதில் பெரிய பங்கு. உள்ளே வரும் ஒவ்வொரு எண்ணத்தையும் நிறுத்தி, நீ எங்கிருந்து வருகிறாய், உனக்கு ஆதாரம் என்ன, நேற்று நடந்ததோடு நீ பொருந்துகிறாயா என்று கேட்டு அனுப்புவது இந்தப் பகுதியின் வேலை.

இரவில் கனவு தொடங்கியதும் அங்கே ஆள் இருப்பதில்லை.

கனவு பலவிதமான உறக்கத்திலும் வரும். ஆனால் கதை போல நீண்டு, பளிச்சென்று தெரியும் கனவுகள் அதிகம் வருவது ஒரு தனி வகை உறக்கத்தில். 1953-ல் சிகாகோவில் யூஜின் அசெரின்ஸ்கியும் நத்தானியல் கிளைட்மனும் அதைப் பதிவு செய்தார்கள். அசெரின்ஸ்கி தன் எட்டு வயது மகனைப் படுக்க வைத்து, கண்ணருகே மின்முனைகளை ஒட்டி, இரவெல்லாம் காகிதச் சுருளில் கோடு ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர். மூடிய இமைக்குள் கண்கள் திடீரென்று அங்குமிங்கும் ஓடுகின்றன. அந்த நேரத்தில் எழுப்பினால் ஆட்கள் கனவு சொல்கிறார்கள். இரவில் ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை இது திரும்ப வருகிறது. 1990-களில் இந்த உறக்கத்தில் இருப்பவர்களின் மூளையைப் படம் பிடித்தபோது, உணர்ச்சியைக் கையாளும் பகுதிகளும் காட்சிகளைக் கோக்கும் பகுதிகளும் சுறுசுறுப்பாக இருந்தன. நான் சொன்ன முன்மூளைப் பகுதி மட்டும் அடங்கிக் கிடந்தது. விழிப்பையும் கவனத்தையும் தூண்டும் நாரட்ரினலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அந்த நேரத்தில் அநேகமாக மௌனமாகிவிடுகின்றன.

அதனால்தான் செத்துப் பல வருஷமான தாத்தா கனவில் வந்து, நேரு வீதியில் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தால், "என்ன தாத்தா, சட்னி தரலியா?" என்று கேட்கிறோமே தவிர, "நீங்க எப்படி இங்க?" என்று கேட்பதில்லை. கடற்கரைச் சாலை நடுவே மாடிப்படி இருக்கிறது, ஏறினால் நம் பழைய பள்ளிக்கூடம் வருகிறது. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. கனவில் எது வேண்டுமானாலும் நடக்கலாம், சந்தேகம் மட்டும் அபூர்வம். "தெரிகிறது" என்ற உணர்வு முழு வீச்சில் ஓடுகிறது. தெரிந்துகொள்ள அங்கே ஒன்றுமில்லை. இப்போது வந்திருக்கும் பேசும் கணினிகள் இல்லாத புத்தகத்துக்குப் பக்க எண்ணோடு மேற்கோள் தருவதைப் பார்க்கும்போதெல்லாம், இது நாம் தினமும் படுக்கையில் செய்வதுதானே என்று தோன்றுகிறது. நமக்காவது காலையில் காபி உண்டு.

ஜிப்மரின் கதையும் இதில் சேரும். பிரெஞ்சுக்காரர்கள் 1823-ல் புதுச்சேரியில் ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார்கள். இந்திய அரசின் பொறுப்பில் 1956-ல் அதன் வழியில் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி வந்தது. 1964-ல் அது ஜிப்மர் ஆனது. 2019 வரை எம்.பி.பி.எஸ். இடத்துக்குத் தனியாக ஒரு நுழைவுத் தேர்வை ஜிப்மரே நடத்தியது. 2020-லிருந்து எல்லாம் நீட். காலை ஏழு மணிக்கே வெளிநோயாளிகள் வரிசை நீளும் அந்த வளாகத்துக்குள் இருக்கும் மருத்துவர்களிடம் ஒரு பொது அம்சத்தைத் தேடினால், அது தேர்வுக் கனவாகத்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். பல வருஷம் முன்னால் தங்கப் பதக்கத்தோடு தேறியவர், நூறு அறுவைச் சிகிச்சை முடித்தவர், இன்றும் கனவில் ஹால் டிக்கெட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறார். பேருந்து நகர மாட்டேன் என்கிறது. கேள்வித்தாள் கைக்கு வந்தால் அதில் இருப்பது வேறு பாடம். பேனாவில் மை இல்லை.

பாரிஸில் இசபெல் அர்னுல்ஃப் என்ற உறக்க மருத்துவரும் அவர் குழுவினரும் இதைக் கணக்கெடுத்து 2014-ல் வெளியிட்டார்கள். அங்கேயும் மருத்துவப் படிப்புக்கான போட்டித் தேர்வு கழுத்தை நெரிப்பதுதான். 2324 மாணவர்களிடம் கேள்வித்தாள் போனது, 719 பேர் பதில் எழுதினார்கள். அவர்களில் 60 சதவீதம் பேருக்குத் தேர்வுக்கு முந்தைய இரவில் தேர்வே கனவில் வந்திருக்கிறது. அந்தக் கனவுகளில் 78 சதவீதத்தில் ஏதோ ஒன்று கெட்டுப்போகிறது, முக்கியமாகத் தாமதமாகப் போவதும் விடை மறந்துபோவதும். சுவாரசியமான செய்தி இனிமேல்தான். பெரும்பாலும் கோட்டை விடும் கனவுதான் என்றாலும், தேர்வைக் கனவில் கண்டவர்கள், அந்தக் கனவு காணாதவர்களை விட நிஜத் தேர்வில் நன்றாக எழுதியிருந்தார்கள்.

கனவில் செத்தால் ஆயுசு கெட்டி என்று நம் வீட்டுப் பாட்டிகள் சொல்லி வைத்ததற்கு பாரிஸிலிருந்து சான்றிதழ் வந்துவிட்டது என்று துள்ள வேண்டாம். கனவு வந்ததால் நன்றாக எழுதினார்களா, அதிகம் படித்து அதிகம் பயந்தவர்களுக்குக் கனவும் வந்து மதிப்பெண்ணும் வந்ததா என்று இந்தக் கணக்கு பிரித்துச் சொல்லாது. இரண்டாவதுதான் இருக்கும் என்பது என் கட்சி. ஆனால் பிராய்ட் 1899 இறுதியில் வெளியிட்ட கனவுகள் பற்றிய நூலில் ஒரு சங்கதி இருக்கிறது. அவர் சட்ட மருத்துவத்தில் ஒருமுறை தேறவில்லை. அந்தத் தேர்வு அவர் கனவில் வந்ததே இல்லை. தேறிய தாவரவியலும் விலங்கியலும் வேதியியலும்தான் திரும்பத் திரும்ப வந்து மிரட்டின. நன்றாகத் தெரிந்த விஷயத்தைத் தெரியாது என்று நம்ப வைக்கிறது கனவு. பகலில் நாம் செய்வது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு.

கனவுக்குள் இருந்துகொண்டே "இது கனவு" என்று கண்டுபிடிப்பவர்கள் சிலர் உண்டு. தத்துவவாதி தெகார்த் 1619 நவம்பரில் ஒரே இரவில் மூன்று கனவு கண்டதாகவும், மூன்றாவதில் தூங்கிக்கொண்டே அது கனவா என்று யோசித்து அதற்கு விளக்கமும் சொல்லத் தொடங்கியதாகவும் அவருடைய வாழ்க்கை வரலாற்றில் வருகிறது. தூக்கத்தில்கூட விடவில்லை மனிதர். இப்படிப்பட்டவர்களோடு பேச ஒரு வழி இருக்கிறது. கனவு உறக்கத்தில் உடம்புத் தசைகள் முடங்கிக் கிடந்தாலும் கண்தசைகள் முடங்குவதில்லை. அதனால் "கனவு என்று தெரிந்ததும் கண்ணை இடம் வலமாக இத்தனை முறை அசையுங்கள்" என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம். 1975-ல் இங்கிலாந்தில் கீத் ஹெர்ன் இப்படி ஒரு சமிக்ஞையைப் பதிவு செய்தார். 2021-ல் நாலு நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து ஒரு படி மேலே போயின. அர்னுல்ஃபின் குழுவும் அதில் உண்டு. கனவு காண்பவரிடம் மெதுவாகக் கணக்குக் கேட்டார்கள்: எட்டிலிருந்து ஆறு போனால்? கண்கள் இரண்டு முறை அசைந்தன. எல்லாரும் இப்படித் தேறிவிடவில்லை. கேட்ட கேள்விகளில் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவாகத்தான் சரியான பதில் வந்தது. பாதிக்கும் மேல் பதிலே இல்லை. வகுப்பில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கடைசி பெஞ்சோடு ஒப்பிட்டால் மோசமில்லை.

கனவில் கண்டுபிடிப்பு வரும் என்பதற்கு எல்லாரும் எடுத்துக்காட்டுவது ஓட்டோ லோவியை. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் இருந்தவர். நரம்பு இதயத்துக்குச் செய்தி சொல்வது மின்சாரத்தாலா, வேதிப்பொருளாலா என்பது அன்றைய சண்டை. ஈஸ்டருக்கு முந்தைய இரவு கனவில் அதற்கான சோதனை முழுசாகத் தெரிந்தது. எழுந்து ஒரு துண்டுக் காகிதத்தில் கிறுக்கிவிட்டுப் படுத்தார். காலையில் பார்த்தால் தன் கையெழுத்தைத் தன்னாலேயே படிக்க முடியவில்லை. என்ன எழுதினோம் என்று நினைவும் இல்லை, முக்கியமானது என்று மட்டும் நினைவிருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை எப்படிக் கழிந்திருக்கும்! மறுநாள் இரவு மூன்று மணிக்கு அதே கனவு திரும்ப வந்தது. இந்த முறை காகிதத்தை நம்பாமல் நேராக ஆய்வகத்துக்கே போய்விட்டார். இரண்டு தவளை இதயங்களை உப்புக் கரைசலில் துடிக்க விட்டு, ஒன்றின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைக் குறைத்தார். அந்த இதயம் ஊறிய கரைசலை எடுத்து மற்றதில் விட்டதும், நரம்பைத் தொடாத அந்த இதயமும் மெதுவானது. செய்தி கரைசலில் இருந்தது. 1921-ல் கட்டுரை, 1936-ல் நோபல் பரிசு. கூடுதலாக ஒன்று: இந்த எண்ணம் தனக்கு 1903-லேயே ஒரு பேச்சில் தோன்றியது என்றும், பிறகு மறந்தே போனது என்றும் லோவியே சொல்லியிருக்கிறார். கனவு அவருக்குக் கொடுத்தது அவர் எங்கோ வைத்துவிட்டுத் தேடாமல் விட்டதை.

நம் ஊர்க்காரர் ராமானுஜனுக்கு நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் சூத்திரங்களைக் காட்டினாள் என்பது பிரசித்தம். அவரே அப்படிச் சொல்லியிருக்கிறார். அதை நம்பலாமா என்று நான் இங்கே வாதாட வரவில்லை. வேறு ஒன்றைச் சொல்கிறேன். சென்னைத் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது, 1913 ஜனவரி 16 தேதியிட்டு அவர் இங்கிலாந்துக் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில் பகா எண்கள் பற்றியும் ஓர் உரிமை கோரியிருந்தார். எந்த எண்ணைச் சொன்னாலும் அதற்குக் கீழே எத்தனை பகா எண்கள் என்று கிட்டத்தட்ட அச்சாகச் சொல்லும் சார்பு தன்னிடம் இருக்கிறது, எண்கள் முடிவில்லாமல் பெரிதானாலும் பிழை சிறிதாகவே இருக்கும் என்றார். அது தவறு. சிக்கலெண் சார்புகளின் கணிதம் அவருக்குக் கும்பகோணத்தில் யாரும் சொல்லித் தராதது. அந்தச் சார்புகள் எந்த இடங்களில் பூஜ்யமாகின்றன என்பது தெரியாததால் வந்த தவறு என்று ஹார்டி பின்னால் விளக்கினார். கவனிக்க வேண்டியது இதுதான்: ஹார்டியை மலைக்க வைத்த சூத்திரங்களும் இந்தத் தவறான சார்பும் ஒரே கையெழுத்தில், ஒரே துணிச்சலோடு அருகருகே இருந்தன. உள்ளிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி "தெரிந்தவை". பகல் வெளிச்சத்தில் இன்னொருவர் டிக்கியைத் திறந்து பார்க்கும்வரை வித்தியாசம் தெரிவதில்லை.

இதற்கு நேர் எதிரான ஆட்களும் இருக்கிறார்கள். 2000-ல் ஹார்வர்டில் ராபர்ட் ஸ்டிக்கோல்டு சிலரை மூன்று நாட்களில் ஏழு மணி நேரம் டெட்ரிஸ் ஆட வைத்தார். மேலிருந்து கட்டைகள் விழும், திருப்பித் திருப்பி அடுக்க வேண்டும், அந்த விளையாட்டுதான். தூக்கம் தொடங்கும் நேரத்தில் தட்டி எழுப்பிக் கேட்டால், பலரும் கட்டைகள் விழுவதைப் பார்த்ததாகச் சொன்னார்கள். அதில் வியப்பில்லை. ஆனால் அவர்களில் ஐந்து பேர் மூளையில் ஹிப்போகேம்பஸ் பகுதி கெட்டு, புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாதவர்கள். ஆடியதும் மறந்துவிடும். மறுமுறை விளையாட்டைப் புதிதாகச் சொல்லித் தர வேண்டும். அந்த ஐவரில் மூவர், இன்னதென்று தெரியாத வடிவங்கள் விழுவதையும் திரும்புவதையும் பார்ப்பதாகத் தூக்கக் கலக்கத்தில் சொன்னார்கள். விளையாடியதே அவர்களுக்குத் தெரியாது. தலைக்குள் விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. "தெரியும்" என்ற உணர்வு இல்லாமலே தெரிந்திருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

கனவுக்குப் பொருள் தேடுவதிலும் இந்தக் குழப்பம் உண்டு. பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்தவர். குயில் பாட்டு இங்கேதான் பிறந்தது. ஊருக்கு மேற்கே ஒரு மாந்தோப்பில் கவிஞர் குயிலிடம் மனதைப் பறிகொடுக்கிறார். குரங்கும் மாடும் போட்டிக்கு வருகின்றன, முற்பிறவிக் கதையெல்லாம் விரிகிறது. கடைசியில் பார்த்தால் எல்லாம் மாலை மயக்கத்தில் வந்த கற்பனை. அத்தோடு நிறுத்தாமல், இதில் வேதாந்தப் பொருள் ஏதாவது தேறுமானால் சொல்லுங்கள் என்று தமிழ்ப் புலவர்களைக் கேட்டுவிட்டு முடிக்கிறார். அந்தக் குறும்பைப் புரிந்துகொள்ளாமல் நிஜமாகவே வேதாந்தப் பொருள் எழுதியவர்கள் உண்டு. கேள்வி கேட்டவரே சிரித்துக்கொண்டு கேட்டது அவர்களுக்குத் தெரியவில்லை.

விழித்திருக்கும்போது மட்டும் செக்போஸ்ட் ஒழுங்காக வேலை செய்கிறதா என்ன? புதுச்சேரியில் சைக்கிள் பார்க்காதவர் இருக்க முடியாது. காகிதத்தையும் பேனாவையும் எடுத்து ஒரு சைக்கிளை வரைந்து பாருங்கள். சட்டகம் எங்கெங்கே இணைகிறது, பெடல் எங்கே, செயின் எதை எதோடு சேர்க்கிறது. லிவர்பூலில் ரெபெக்கா லாசன் 2006-ல் வெளியிட்ட ஆய்வில் பலர் செயினை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் சேர்த்து மாட்டிவிட்டார்கள். அப்படி ஒரு சைக்கிளைத் திருப்பவே முடியாது. சைக்கிள் ஓட்டுகிறவர்களிலும் சிலர் தப்பாகத்தான் வரைந்தார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் ரோசன்பிளிட்டும் கீலும் 2002-ல் இதையே ஜிப், பூட்டு, கழிவறைத் தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றுக்கும் செய்தார்கள். முதலில் "எனக்கு எவ்வளவு தெரியும்" என்று மதிப்பெண் போட வைத்தார்கள். பிறகு அது எப்படி வேலை செய்கிறது என்று படிப்படியாக எழுதச் சொன்னார்கள். எழுதி முடித்தவர்கள் தாங்களாகவே தங்கள் மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டார்கள். பேனா எடுக்கும்வரை அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

தெரியும் என்று நினைத்ததன் விலையைச் சொல்ல, இனி கோரிமேட்டின் இன்னொரு நிறுவனம். ஜிப்மருக்குப் பக்கத்தில், இந்திரா நகரில், நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1975-ல் தொடங்கியது. அது உருவான காலத்தில் புதுச்சேரியின் தலையாய தலைவலிகளில் ஒன்று யானைக்கால் நோய். சாக்கடைத் தண்ணீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு அதைப் பரப்புகிறது. வளர்ந்த புழுக்கள் நிணநீர்க் குழாய்களில் குடியிருக்கும். பெண் புழு விரல் நீளம், நூல் பருமன். அது ஈனும் குஞ்சுகள் ஒவ்வொன்றும் கால் மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். இவைதான் ரத்தத்தில் நீந்துபவை. 1981-ல் மையம் நகரம் முழுவதையும் எடுத்துக்கொண்டு ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றை நடத்தியது. சாக்கடை சீரமைப்பது, தண்ணீர் தேங்கும் குழிகளைக் கவனிப்பது, மீன் விடுவது என்று மருந்தடிப்பதை மட்டும் நம்பாத திட்டம்.

யார் ரத்தத்தில் புழு இருக்கிறது என்று பார்க்க வேண்டுமே, அதற்கு ஊழியர்கள் இரவில் வீடு வீடாகப் போனார்கள். புழுக்குஞ்சுகள் பகலில் நுரையீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் பதுங்கிக் கிடக்கின்றன. இரவு பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரைதான் தோலருகே உள்ள ரத்தத்தில் திரளுகின்றன. கியூலெக்ஸ் கடிக்க வரும் நேரமும் அதுதான். தூக்கக் கலக்கத்தில் கதவைத் திறந்தவரின் விரலில் ஒரு குத்து, கண்ணாடித் தகட்டில் சொட்டு ரத்தம், அதைத் தட்டையாக இழுத்து உலர வைப்பது, பெயரும் வீட்டு எண்ணும். காயாத ஈர ரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்தால் இன்னும் விசித்திரம். சிவப்பணுக்கள் இடித்துத் தள்ளப்பட்டு அங்கங்கே ஒதுங்கும், நடுவே கண்ணாடி இழை போல ஒன்று சாட்டையாகச் சொடுக்கும், நகர்ந்த மாதிரியே இருக்கும், அதிகம் நகர்ந்திருக்காது.

"பகல்ல வரக் கூடாதாப்பா? புள்ளைங்க இப்பதான் தூங்குச்சுங்க."

"பகல்ல வந்தா அது வராதும்மா."

"அதுக்கு எப்படிப்பா தெரியும் ராத்திரின்னு?"

கதவைத் திறந்த பெண் இப்படிக் கேட்டிருந்தால், உலகின் நல்ல மூளைகள் நூறு வருஷம் மல்லுக்கட்டிய கேள்வியைக் கேட்டிருக்கிறார். சீனாவின் ஆமாய் துறைமுகத்தில் இருந்த பேட்ரிக் மேன்சன் 1870-களின் கடைசியில் இந்த இரவு நடமாட்டத்தைக் கண்டுபிடித்தவர். 1881-ல் லண்டனில் ஸ்டீபன் மெக்கன்சி ஒரு நோயாளியை இரவெல்லாம் விழித்திருக்கச் செய்து பகலில் தூங்க வைத்தார். சில நாட்களில் புழுக்களும் ஷிப்டை மாற்றிக்கொண்டு பகலில் வெளியே வந்தன. அவை பார்ப்பது சூரியனை இல்லை, நம் உறக்கத்தை. நாம் தூங்குகிறோம் என்பது நமக்குத் தெரியாத நேரத்தில் நமக்குள் இருக்கும் புழுவுக்குத் தெரிந்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பிராங்க் ஹாக்கிங் என்ற ஒட்டுண்ணியியலாளர் இதில் வருஷக்கணக்காக உழைத்தார். நுரையீரலுக்குள் போகும் ரத்தத்துக்கும் அங்கிருந்து வெளியேறும் ரத்தத்துக்கும் இடையே உள்ள ஆக்சிஜன் வேறுபாடு தூக்கத்திலும் விழிப்பிலும் மாறுகிறது, புழு அதைத்தான் உணர்கிறது என்பது அவர் வாதம். இரவில் ஆட்களை ஆக்சிஜன் சுவாசிக்க வைத்தபோது ரத்தத்தில் புழுக்கள் குறைந்தன. முழுக்கதையும் அத்தோடு முடியவில்லை. தெற்குப் பசிபிக் தீவுகளில் பகலில் கடிக்கும் கொசு பரப்பும் இதே இனப் புழு, நாள் முழுக்க ரத்தத்தில் இருந்து பகலில்தான் சற்றுக் கூடுகிறது. (அந்த ஹாக்கிங்கின் மகன் ஸ்டீபன் ஹாக்கிங். அப்பா புழுவின் நேரத்தைத் தேடினார், மகன் பிரபஞ்சத்தின் நேரத்தை.)

மேன்சனுக்குத் திரும்புவோம். ஒரு பூச்சியின் வழியே மனித நோய் பரவுகிறது என்பதற்கு முதல் வலுவான ஆதாரம் அவர் தந்ததுதான். புழுக்குஞ்சு கொசுவின் உடம்புக்குள் போய் வளர்வதை 1877-ல் பார்த்துவிட்டார். பிறகு? கொசு ஒரே முறை ரத்தம் குடிக்கும், நாலைந்து நாளில் தண்ணீரில் முட்டையிட்டு அங்கேயே செத்து விழும் என்று அவருக்குத் தெரியும். அதாவது தெரியும் என்று நினைத்தார். அவருடைய கொசுக்கள் அப்படித்தான் செத்தன. அவற்றை நீண்ட நாள் உயிரோடு வைக்கும் முறை அப்போது அவர் கையில் இல்லை. ஆகவே செத்த கொசுவிலிருந்து புழு தண்ணீரில் இறங்குகிறது, அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்கு நோய் வருகிறது என்று முடித்தார். சங்கிலியில் ஒரு கண்ணி மட்டும் பொய், அதுவும் மற்றவற்றைப் போலவே பளபளப்பாக இருந்தது. 1900-ல் ஜார்ஜ் லோ கொசுவின் ஊசிமூக்கையே வெட்டிப் பார்த்து, புழு அதற்குள் வரிசையில் காத்திருப்பதைக் காட்டினார். கடிக்கும்போதுதான் இறங்குகிறது. இடைப்பட்ட 23 வருஷமும் மேன்சனை நம்பியவர்கள் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்துவிட்டு, கொசுக் கடியில் படுத்திருப்பார்கள்.

இப்போது விரலில் எடுத்த சொட்டு ரத்தத்தைப் பரிசோதனைப் பட்டையில் விட்டால், வளர்ந்த புழு வெளியிடும் புரதத்தைப் பகலிலேயே காட்டிக்கொடுத்துவிடும். நடுநிசியில் கதவு தட்டும் வேலை பெருமளவு குறைந்திருக்கிறது.

யானைக்கால் நோய் தாக்குவது நிணநீர் மண்டலத்தை. அந்த மண்டலத்தில் தேர்ந்த ஒருவர்தான் அறியாமைக்குப் பாடத்திட்டம் வகுத்தவர். அரிசோனா பல்கலைக்கழகத்தின் அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர் மார்லிஸ் விட், 1980-களில் மருத்துவ மாணவர்களுக்கு "மருத்துவ அறியாமை" என்று ஒரு வகுப்பைத் தொடங்க முனைந்தார். கணையப் புற்றுநோயைப் பற்றிப் பாட நூலில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், அதைப் பற்றி நமக்கு அதிகம் தெரியாது என்ற செய்தியை மட்டும் சொல்வதில்லை என்பது அவர் குறை. நிதி கேட்டுப் போன இடத்தில் ஓர் அறக்கட்டளை அதிகாரி, அறியாமைக்கு வகுப்பு நடத்தப் பணம் தருவதைவிட ராஜினாமா செய்துவிடுவேன் என்றாராம். வகுப்பு நடந்தது.

அந்த வகுப்பைக் கோரிமேட்டில் நடத்தினால் பாடத்துக்குப் பஞ்சமில்லை. ஒரே வீடு, ஒரே கொசு, ஒரே சாக்கடை. அண்ணனுக்குக் கால் வீங்கிப் போகிறது, ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு குஞ்சும் இருக்காது. தம்பியின் ரத்தத்தில் இரவுதோறும் ஆயிரக்கணக்கில் நீந்துகின்றன, அவன் வருஷக்கணக்காக ஒரு வீக்கமும் இல்லாமல் பந்தாடிக்கொண்டிருக்கிறான். உடம்பின் எதிர்ப்புச் சக்தி இருவரிடமும் வேறு வேறு விதமாக நடந்துகொள்கிறது என்பதுவரை சொல்லலாம். யாருக்கு எந்த வழி என்று எது தீர்மானிக்கிறது? வைவாவில் இதற்கு "தெரியாது சார்" என்று ஒரு மாணவி சொன்னால் மதிப்பெண் கிடைக்குமா என்பது, எதிரே உட்கார்ந்திருக்கும் பேராசிரியர் அன்று காலை எந்தக் கனவிலிருந்து எழுந்து வந்தார் என்பதைப் பொறுத்தது.